வாயில் குச்சியோடு விழுந்த பிள்ளை: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் பதினான்கு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். வாயில் எதையோ வைத்துக்கொண்டு ஓடி, தடுக்கி விழுந்து, அது மேல்வாயிலோ தொண்டையிலோ குத்தி, சட்டையெல்லாம் ரத்தமாக வரும் பிள்ளைகள் எங்களுக்குப் புதிதில்லை. ஊரில் திருவிழா என்றால் இன்னும் கூடுதல். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். வெளியே வந்ததும் அம்மா, அப்பா, அப்பாயி எல்லாரும் என்னைப் பிடித்துக்கொள்வார்கள், "டாக்டர் ரெண்டு நாள் பாத்துக்கச் சொன்னாரே, எதைப் பாக்கணும்?" என்று. ஒரே பதிலை எத்தனை தடவைதான் சொல்வது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் பிள்ளையைக் கண்ணால் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

"குத்தினது வாயில. மூளைக்குப் போற ரத்தக்குழாயைப் பாக்கணுங்கிறாங்க. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் சிஸ்டர்?"

கழுத்தின் பக்கவாட்டில் விரல் வைத்தால் துடிக்கிறதே, அதுதான் கரோட்டிட் தமனி. வலத்தில் ஒன்று, இடத்தில் ஒன்று. மேலே போகப் போக அது இரண்டாகப் பிரிகிறது: ஒரு கிளை முகத்துக்கு, இன்னொன்று நேராக மூளைக்கு. மூளைக்குப் போகும் கிளை டான்சிலுக்குப் பின்னால் சற்று வெளிப்பக்கமாக ஏறிப் போகிறது. வளர்ந்த ஆளுக்கே டான்சில் குழிக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவில் சுமார் 2.5 செ.மீ. சதைதான், மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. குழாய்க்குப் பின்னால் கழுத்தெலும்பு இருக்கிறது.

குச்சி குழாயைக் குத்தித் துளைக்க வேண்டும் என்றில்லை, இங்கேதான் எல்லாரும் தப்பாக நினைத்துவிடுகிறார்கள். பம்புசெட் ரப்பர் ஹோஸைக் கருங்கல் மேல் போட்டு ஒரு கட்டையால் இடித்துப் பாருங்கள், வெளியே ஒன்றும் தெரியாது, உள்பக்கம் கிழிந்திருக்கும். அதே மாதிரி குச்சிக்கும் எலும்புக்கும் நடுவில் குழாய் நசுங்கி உள்தோல் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி குழாயை அங்கேயே அடைக்கலாம், அல்லது ஒரு துண்டு பெயர்ந்து மூளைக்குள் இருக்கும் சின்னக் குழாயில் போய்ச் சிக்கலாம். மேட்டூரில் எவ்வளவு திறந்துவிட்டாலும் வழியில் ஒரு மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராதில்லையா, அந்தக் கதைதான். தண்ணீர் போகாத வயல் காய்கிற மாதிரி ரத்தம் போகாத மூளைப் பகுதி கெட்டுப்போகிறது. பெரியவர்களுக்கு வந்தால் பக்கவாதம் என்கிறோமே, அதேதான் பிள்ளைக்கும்.

"இதெல்லாம் நெஜமாவே நடக்குமா, இல்ல பயமுறுத்துறீங்களா?"

நடக்கும், ஆனால் மிக அரிது. வாயில் இப்படிக் குத்திக்கொண்டு வரும் நூறு பிள்ளைகளில் மூளை வரை பாதிப்பு போவது ஒருவருக்கும் குறைவு என்றுதான் மருத்துவ உலகில் கணக்குச் சொல்கிறார்கள். என் பதினான்கு வருடத்தில் நான் பார்த்தது ஒரே ஒரு பெண் குழந்தை. மற்றவர்கள் எல்லாரும் மறுநாளே ஆட்டம் போட்டவர்கள். ஆகவே இதைப் படித்துவிட்டு ராத்திரி பூரா அழ வேண்டாம்.

ஆனால் அரிது என்பதால்தான் கோட்டை விட்டுவிடுகிறோம். 1999 ஜூலையில் டோக்கியோவில் கோடைத் திருவிழாவுக்குப் போன நான்கு வயதுப் பையன், பஞ்சுமிட்டாய் சுற்றிய மரக்குச்சியை வாயில் வைத்தபடி விழுந்தான். ஆஸ்பத்திரியில் வாய்க் காயத்துக்கு மருந்து போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை இறந்துவிட்டான். பிரேதப் பரிசோதனையில் 7.6 செ.மீ. நீளக் குச்சித் துண்டு மண்டைக்குள் இருந்தது. கழுத்தின் பெரிய சிரை மண்டையிலிருந்து வெளியே வரும் ஓட்டை வழியாக அது உள்ளே போயிருந்தது. பார்த்த டாக்டர் மேல் வழக்குப் போட்டார்கள், 2006-லும் மேல்முறையீட்டில் 2008-லும் நிரபராதி என்று தீர்ப்பானது. அது கரோட்டிட் அடைப்பு இல்லை, வேறு வகை. ஆனாலும் வாய்க்குள் தெரியும் காயத்தை வைத்து உள்ளே நடந்ததை எடை போட முடியாது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

"எந்த வயசுப் புள்ளைங்களுக்கு இது வரும்? என்ன பொருளால?"

ஒன்று முதல் ஐந்து வயது வரை, அதிலும் இரண்டிலிருந்து நான்குக்குள் அதிகம். நடை இன்னும் உறுதிப்படாத வயது, ஆனால் நடக்க மாட்டார்கள், ஓடத்தான் செய்வார்கள். கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். பையன்கள் கொஞ்சம் கூடுதல்.

பொருள் என்று பார்த்தால் பல் தேய்க்கும் பிரஷ், பென்சில், குச்சி மிட்டாய், குச்சி ஐஸ், ஸ்ட்ரா, ஸ்பூன். எங்களிடம் வந்ததில் நம்ம ஊர்ச் சரக்கும் உண்டு: திருவிழாக் கடைப் பீப்பி, பொங்கலுக்கு உரித்துக் கொடுத்த கரும்புத் துண்டு, வேப்பங்குச்சி, ஆடிப்பெருக்குக்குச் சப்பரம் கட்ட வைத்திருந்த மூங்கில் சிம்பு. ஒரு பிள்ளை ஊதாங்குழலோடு வந்தது. கேஸ் அடுப்பு வந்த பிறகும் அது வீட்டில் கிடந்திருக்கிறது.

"விழுந்த ஒடனே நாங்க என்ன பண்ணணும்?"

பிள்ளையை மடியில் உட்கார வைத்து முன்பக்கம் குனிய விடுங்கள், ரத்தம் வெளியே வழியட்டும். மல்லாத்திப் படுக்க வைத்தால் அது தொண்டைக்குள் போய்ப் புரையேறும், விழுங்கினால் வாந்தி வரும். மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விரலை உள்ளே விட்டுத் துழாவாதீர்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், சர்க்கரை எதுவும் வேண்டாம். ஒருமுறை வாய் முழுக்கக் காப்பித்தூளோடு ஒரு பிள்ளை வந்தது, காயம் எங்கே என்று கண்டுபிடிக்கவே எங்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. டாக்டர் பார்க்கும்வரை தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

அப்புறம் இரண்டு விஷயம். விழுந்த நேரத்தைச் செல்லில் குறித்துக்கொள்ளுங்கள். குத்திய பொருளைத் தூக்கிப் போடாமல், துடைக்காமல், அப்படியே ஒரு கவரில் போட்டுக் கொண்டு வாருங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

"குச்சி உள்ளயே நிக்குது. புடுங்கிடலாமா?"

வேண்டாம். குத்தி நிற்கும் பொருளே சில சமயம் கிழிந்த குழாயை அடைத்துக்கொண்டு நிற்கும், பிடுங்கினால் திறந்துகொள்ளும். பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, குச்சி ஆடாமல் பார்த்துக்கொண்டு, 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டர்கள் ஆப்பரேஷன் தியேட்டரில் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டுதான் அதை எடுப்பார்கள். பதற்றத்தில் ஏற்கெனவே பிடுங்கிவிட்டீர்களா, சரி, நடந்தது நடந்துவிட்டது. முழுசாக வந்ததா என்று மட்டும் பாருங்கள், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

"ரத்தம் நின்னுருச்சு. நல்லா வெளாடுறான். இன்னும் டாக்டர்ட்ட போகணுமா?"

போகணும். இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். முதல் பதிலில் சொன்ன ரத்தக்கட்டி உடனே உருவாவதில்லை. உறைந்து, பெரிதாகி, பெயர நேரம் எடுக்கும். அதுவரை பிள்ளை சாதாரணமாகத்தான் இருக்கும், சிரிக்கும், சோறு கேட்கும். இந்த இடைவெளி பெரும்பாலும் 3 மணி நேரத்திலிருந்து 60 மணி நேரம் வரை என்று சொல்கிறார்கள், அதாவது இரண்டரை நாள். அதற்கு மேலும் தள்ளி வந்ததுண்டு.

நான் பார்த்த அந்தப் பெண் குழந்தைக்கு மூன்று வயது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் குச்சி ஐஸோடு திண்ணைப் படியில் விழுந்தது, இடதுபக்கம் மேல்வாயில் ஒரு சின்னக் கீறல், பத்து நிமிடத்தில் ரத்தம் நின்றுவிட்டது. வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு இட்லி வைத்திருக்கிறார்கள், பிள்ளை இடது கையால் எடுத்திருக்கிறது. "சோத்துக் கையால சாப்புடு" என்று அம்மா கையைத் தட்டிவிட்டிருக்கிறார். மறுபடியும் இடது கை. மூன்றாவது தடவை தட்டும்போதுதான் வலது கை மடியில் அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறார். கிளினிக்குக்கு வந்து இதைச் சொல்லும்போது அவர் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காயம் மொளகு அளவுதான். அதுக்குப் போயி இவ்வளவா?"

அந்தப் பெண் குழந்தையின் கீறலும் மிளகு அளவுதான். காயத்தின் அளவுக்கும் குழாயில் பட்ட அடிக்கும் சம்பந்தம் கிடையாது, மொட்டையான பொருள் என்றால் தோல் கிழியாமலேகூட உள்ளே நசுக்கியிருக்கும். எவ்வளவு பெரிது என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். உதடு, ஈறு, நாக்கு, முன்பக்கத்துக் கெட்டியான மேல்வாய், இங்கே பட்டால் கரோட்டிட் பயம் பெரும்பாலும் இல்லை, பல்லையும் தையலையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பின்னால் மெத்தென்று இருக்கும் இடத்தில், அதிலும் நடுவை விட்டு ஓரமாக, டான்சில் பக்கம் பட்டிருந்தால்தான் டாக்டர் முகம் மாறும். தொண்டையின் பின்சுவரில் பட்டாலும் லேசாக விட மாட்டார்கள்.

"சரி, வீட்டுல எதைப் பாக்கணும்? மூணு வயசுப் புள்ளைக்குச் சொல்லத் தெரியாதே."

வாயைப் பார்க்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆ காட்டச் சொல்லி டார்ச் அடிப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை, பிள்ளை அழுது காயம்தான் திறக்கும். பிள்ளையைப் பாருங்கள். ஒரு கையையோ காலையோ பயன்படுத்தாமல் இருக்கிறதா, நடை ஒரு பக்கம் சாய்கிறதா, சிரிக்கும்போது வாய் கோணுகிறதா, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குழப்புகிறதா, காரணமில்லாமல் சோர்ந்து சோர்ந்து தூங்குகிறதா, வாந்தி, வலிப்பு, விடாத தலைவலி. பெரும்பாலும் குத்திய பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கைகால்தான் விழும், இட்லிக் கதையில் வந்த மாதிரி. குத்திய பக்கமே ஒரு கண்ணிமை தொங்கி, அந்தக் கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்புப் பாப்பா மட்டும் சின்னதாகத் தெரிந்தால் அதுவும் கெட்ட சேதி, தமனியை ஒட்டிப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும்.

எங்கள் டாக்டர் சொல்லிக் கொடுத்த சோதனை ஒன்று. இரண்டு பிஸ்கட் எடுங்கள். ஒன்றை வலது கையில் கொடுங்கள், அதை விடாமல் இருக்கும்போதே இன்னொன்றை நீட்டுங்கள், இடது கை வர வேண்டும். பிறகு மாற்றிச் செய்யுங்கள். இரண்டு கையும் தலைக்கு மேல் தூக்கி "சாமி கும்புடு" என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு விளையாட்டு, உங்களுக்குப் பரிசோதனை. விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும்.

இது மூளைக்கு. இதுபோக கழுத்து வீக்கம், அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்று இருப்பது, மறுபடி ரத்தம், எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, காய்ச்சல், கழுத்தைத் திருப்ப முடியாமை, மூச்சு இழுப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

"ராத்திரி தூங்க விடலாமா?"

விடலாம். அடிபட்ட பிள்ளையைத் தூங்கவே விடக்கூடாது என்பது ஊர்ப் பேச்சு. முதல் இரண்டு ராத்திரி அலாரம் வைத்து இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்புங்கள். சிணுங்கி, உங்களை அடையாளம் கண்டு, இரண்டு கையாலும் தள்ளிவிட்டுத் திரும்பப் படுத்தால் நல்லது. எழுப்ப எழுப்ப எழவில்லை என்றால் விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

"எக்ஸ்ரேல ஒண்ணுமில்லேன்னுட்டாங்க. அப்ப நிம்மதிதானே?"

பாதி நிம்மதி. எக்ஸ்ரேயில் உலோகம் தெரியும், தொண்டைக்குப் பின்னால் காற்றோ வீக்கமோ இருந்தால் தெரியும். மரம், மூங்கில், பிளாஸ்டிக் அனேகமாகத் தெரியாது. ரத்தக்குழாய் தெரியவே தெரியாது.

பொருளைக் கொண்டு வரச் சொன்னது இதற்குத்தான். ஒரு கோயில் திருவிழாவில் பஞ்சுமிட்டாய்க் குச்சியோடு விழுந்த பையன், எக்ஸ்ரே சுத்தம். அப்பா குச்சியைக் கொண்டு வந்திருந்தார், நுனி முறிந்திருந்தது. முதலிலேயே முறிந்த குச்சியா, இப்போது முறிந்ததா? அந்த மனிதர் பைக்கை எடுத்துக்கொண்டு திருவிழாவுக்கே திரும்பிப் போய் அதே வண்டிக்காரரிடம் இன்னொரு பஞ்சுமிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தார். டாக்டர் இரண்டு குச்சியையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விரல்நகம் நீளத்துக்கு ஒன்று குறைந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்ததில் டான்சிலுக்குப் பின்னால் அந்தத் துண்டு இருந்தது. பஞ்சுமிட்டாயைக் கடைசியில் யார் சாப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

"பேசாம எல்லாப் புள்ளைக்கும் சி.டி. எடுத்துட்டா என்ன?"

நியாயமான கேள்வி, இதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ரத்தக்குழாயைப் பார்க்கச் சாதாரண சி.டி. போதாது, ஊசி வழியே மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ வேண்டும். சின்னப் பிள்ளைக்குக் கதிர்வீச்சு, அசையாமல் படுக்க மயக்க மருந்து, ஏற்றும் மருந்தின் ஒவ்வாமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. நூற்றில் ஒன்றுக்கும் குறைவான ஆபத்துக்காக மற்ற எல்லாப் பிள்ளைக்கும் அந்த விலையைக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி.

பொதுவாக எப்போது எடுக்கச் சொல்வார்கள் என்றால், கை கால் சோர்வு மாதிரி அறிகுறி ஏதாவது இருந்தால், ரத்தம் நிற்காவிட்டால், கழுத்தில் வீக்கமோ காற்றோ இருந்தால், பொருள் உள்ளே தங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், குத்திய இடம் ஓரமாக ஆழமாக இருந்தால். வேகமாக விழுந்தது, நீளமான பொருள், இதையெல்லாம்கூடக் கணக்கில் எடுப்பார்கள். எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அது அலட்சியம் இல்லை. அப்போது வீட்டில் நீங்கள்தான் காவல், அவ்வளவுதான்.

"கழுத்துல டாப்ளர் ஸ்கேன் எடுத்தா கதிர்வீச்சே இல்லையாமே?"

இல்லைதான், அது ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன். ஆனால் டாப்ளரில் கழுத்தின் கீழ்ப்பகுதி நன்றாகத் தெரியும், தாடை எலும்புக்கு மேலே மண்டை ஓட்டுக்கு அருகில் சரியாகத் தெரியாது. குச்சி குத்துவது அந்த மேல் பகுதியில். டாப்ளரில் கோளாறு தெரிந்தால் நம்பலாம், ஒன்றும் தெரியவில்லை என்றால் அதை நம்பி உட்கார முடியாது.

"தையல் போடணுமா? சாப்பாடு என்ன குடுக்கறது?"

பெரும்பாலும் வேண்டாம். வாய்க்குள் ரத்த ஓட்டம் அதிகம், ஒரு வாரம் பத்து நாளில் தானே மூடிக்கொள்ளும். சதை பிய்ந்து தொங்கினாலோ பெரிதாகத் திறந்திருந்தாலோ போடுவார்கள். கிருமி சேராமல் இருக்க ஆன்டிபயாடிக் எழுதினால் சொன்ன நாள் வரை கொடுங்கள், மூன்றாம் நாளே சரியாகிவிட்டது என்று நிறுத்தாதீர்கள். தடுப்பூசி அட்டையை எடுத்து வாருங்கள். ஒன்றரை வயது ஊக்க ஊசியும் ஐந்து வயது ஊசியும் வயதுக்கு ஏற்றபடி போட்டிருந்தால் தனியாக டெட்டனஸ் ஊசி தேவைப்படாமல் போகலாம்.

சாப்பாடு, ஆறிய ரசம்சோறு, தயிர்சோறு, கஞ்சி, இட்லி. முறுக்கு, சீடை, காரம் வேண்டாம். ஸ்ட்ரா கூடவே கூடாது. பாட்டிமார்கள் சொல்லும் உப்புத்தண்ணீர்க் கொப்பளிப்பு கொப்பளிக்கத் தெரிந்த பிள்ளைக்கு நல்லதுதான், மூன்று வயதுப் பிள்ளை அதைக் குடித்துவிடும்.

"எங்க அப்பாயி தொக்கம் எடுத்துட்டு வந்துடலாங்கிறாங்க. உள்நாக்கு விழுந்திருக்கும்னு சொல்றாங்க."

பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது, எச்சில் வழிகிறது, உடனே தொக்கம், அதாவது தின்றது உள்ளே சிக்கியிருக்கிறது, அல்லது உள்நாக்கு என்று தொண்டைக்குள் விரலை விட்டு அழுத்தும் ஆளிடம் கூட்டிப் போவது நம்ம பக்கம் இன்னும் இருக்கிறது. மற்ற சமயத்தில் அதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது வேறு விஷயம், வீட்டுக்கு வீடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஆனால் வாயில் குத்திய பிள்ளைக்கு அதைச் செய்யவே கூடாது. உள்ளே கிழிந்திருக்கும் இடத்தில், உறைந்திருக்கும் கட்டி மேல், ஒரு பெரிய ஆளின் விரல் அழுத்தினால் என்ன ஆகும் என்று முதல் பதிலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். சுத்திப் போடுவதற்கும் மந்திரிப்பதற்கும் நான் குறுக்கே நிற்கவில்லை, டாக்டரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அப்பாயியிடம் "டாக்டர் வாயைத் தொடக்கூடாதுன்னுட்டாரு" என்று பழியை எங்கள் மேல் போட்டுவிடுங்கள், கவலையில்லை.

"யாருமே பாக்கல. அழுதுக்கிட்டு ரத்தத்தோட வந்தா. எதால குத்துச்சுன்னே தெரியல."

பார்க்கவில்லை என்பதையே டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லவில்லை என்றால் "கீழே விழுந்து பல்லு பட்டுருச்சு" என்று முடிந்துவிடும். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஆயாவோ மாமியாரோ பயத்தில் கதையை மாற்றுவதை நிறையப் பார்த்திருக்கிறேன், குற்றம் கண்டுபிடிக்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, எதோடு விழுந்தது என்பதுதான் எங்களுக்கு வேண்டும். விழுந்த இடத்துக்கு ஒருவரை அனுப்பித் தேடச் சொல்லுங்கள், கொல்லையிலோ கட்டிலடியிலோ ரத்தம் பட்ட ஒரு பென்சிலோ பிரஷ்ஷோ கிடக்கும். கூட விளையாடிய பிள்ளைகளையும் மிரட்டாமல் கேளுங்கள். ஐந்து வயது அண்ணன்தான் பெரும்பாலும் உண்மையைச் சொல்பவன்.

"ரத்தக்குழாயில அடிபட்டிருக்குன்னு ஸ்கேன்ல வந்துட்டா என்ன வைத்தியம்?"

பெரும்பாலும் ஆப்பரேஷன் இல்லை. ரத்தம் மேலும் உறையாமல் இருக்க ஹெப்பாரின் வகை ஊசியோ ஆஸ்பிரினோ கொடுத்து, ஐ.சி.யூ.வில் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு மருந்து சில வாரமோ சில மாதமோ தொடரும், நடுவில் ஸ்கேன் திரும்ப எடுப்பார்கள். குழாய் கிழிந்து ரத்தம் கொட்டினாலோ பலூன் மாதிரி உப்பினாலோதான் அறுவை அல்லது குழாய் வழிச் சிகிச்சை. மூளை வீங்கிவிட்டால் அதற்குத் தனியாக அறுவை செய்ய வேண்டி வரலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆஸ்பிரின்தானே என்று நீங்களாகவே மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். காயத்தில் ரத்தம் நிற்காது, தவிர வைரஸ் காய்ச்சல் இருக்கும் பிள்ளைக்கு ஆஸ்பிரின் ஈரலையும் மூளையையும் பாதிக்கும் ரேய் நோயைக் கொண்டுவரலாம். வலிக்குப் பாராசிட்டமால், எடைக்கேற்ற அளவில், டாக்டர் எழுதியபடி.

"கை விழுந்துட்டா திரும்ப வருமா?"

மூளையில் எவ்வளவு இடம் பாதித்தது, எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தார்கள் என்பதைப் பொறுத்தது. முழுக்கத் தேறியவர்கள் உண்டு, ஒரு பக்கம் பலவீனத்தோடு இருப்பவர்கள் உண்டு, உயிர் போனதும் உண்டு. சின்னப் பிள்ளையின் மூளைக்கு ஒரு பகுதி செய்த வேலையை இன்னொரு பகுதி கற்றுக்கொள்ளும் சக்தி நம்மைவிட அதிகம், ஆனால் அது தானாக நடக்காது, பிசியோதெரபியை விடாமல் செய்தாக வேண்டும். மாதக்கணக்கில்.

இட்லிப் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நடையில் ஒன்றும் தெரியாது. எழுதும்போது பென்சிலைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறாள், நுனி அடிக்கடி முறிகிறதாம்.

"நாலு நாள் ஆயிருச்சு. இனிமே பயமில்லையே?"

பக்கவாதப் பயம் பெரும்பாலும் போய்விட்டது. மேலே சொன்ன 60 மணி நேரம் ஒரு கோடு மாதிரி இல்லை, இரண்டு வாரம் கழித்து வந்ததாகக்கூட உண்டு, ஆனால் அது அரிதிலும் அரிது. நாலு நாளுக்கு மேல் நீங்கள் கவனிக்க வேண்டியது சீழ். தொண்டைக்குப் பின்னால் சீழ் கட்டினால் நாலாம் நாள் ஐந்தாம் நாள்தான் காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் வரும், அது கீழே நெஞ்சுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆறிக்கொண்டே வந்த பிள்ளை திடீரென்று சாப்பிட மறுத்தால் திரும்ப வாருங்கள்.

"எங்க கூட்டிட்டுப் போறது? பக்கத்துல இருக்கறது ஆரம்ப சுகாதார நிலையந்தான்."

அறிகுறி எதுவும் இல்லை, முன்வாய்க் காயம் என்றால் அங்கேயே காட்டுங்கள், அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். பின்வாய்க் காயம், பொருள் உள்ளே இருக்கிறது, அல்லது மேலே சொன்ன அறிகுறி ஏதாவது இருந்தால் காது மூக்குத் தொண்டை டாக்டரும் சி.டி.யும் இருக்கும் இடம் வேண்டும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகள், அந்தப் பக்கம் திருச்சி. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், நாகப்பட்டினம் கிட்டக்க. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப் போக வேண்டாம், 108-இல் போனால் வழியிலேயே மூச்சைப் பார்த்துக்கொள்வார்கள், எங்கே இடம் இருக்கிறது என்றும் அவர்களுக்குத் தெரியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் ரேஷன் அட்டையும் கையோடு இருக்கட்டும். இல்லை என்பதற்காக வீட்டுக்குத் திரும்பிப் போய் நேரத்தை விடாதீர்கள்.

"அப்ப பிரஷ்ஷே வேண்டாம், வெரலாலயே தேச்சுவிட்டுடலாமா?"

பிரஷ் வேண்டும், நடந்துகொண்டே தேய்ப்பதுதான் வேண்டாம். நம்ம வீடுகளில் காலையில் பிள்ளை வாயில் பிரஷ்ஷோடு முற்றம், வாசல், கொல்லை என்று ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வரும், நாமும் அப்படித்தான் வளர்ந்தோம். ஐந்து வயது வரை ஒரு இடத்தில் உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு ஆள் இருந்து, தேய்த்து முடித்ததும் பிரஷ்ஷைக் கையிலிருந்து வாங்கி உயரத்தில் வையுங்கள். வளைந்து கொடுக்கும் பிடி வைத்த குழந்தை பிரஷ்கள் ஜப்பானில் விற்கிறார்கள், இங்கே கிடைத்தால் நல்லதுதான், அதற்காகத் தேடி அலைய வேண்டாம், ஒரு முக்காலி போதும்.